முன்னால் போன வண்டி

பாங்காக் கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டில் பாதுகாப்பைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. டாக்ஸிக்காரன் ஏமாற்றுவான், ஆட்டோக்காரன் சுற்றவிடுவான், ரயில்தான் பத்திரம் என்று பிளஸ் டூ முடித்திருந்த மகள் முடிவு செய்தாள். மூன்று பேர் பாஸ்போர்ட், பணம், கார்டு எல்லாம் என் கணவர் இடுப்பில் கட்டியிருந்த பைக்குள். அங்கே போய் வாங்கிய சிம் கார்டும் ஒன்றுதான், அவர் போனில். அதிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கித்தான் மகள் வழி பார்ப்பாள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தொலையாது என்று நானும் தலையாட்டினேன். அந்த இடமே தொலையும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டி, பிறகு சொந்தமாக வண்டி வாங்கியவர். சத்தீஸ்கர், ஒடிசா என்று அவர் போகாத காடு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் கூட வரும்போது எனக்கென்ன பயம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை நடைமேடையில் நல்ல கூட்டம். எங்களூர் பஸ்ஸில் பெண்களுக்கு முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல். கல்யாணம் ஆனதிலிருந்து சேலம் பஸ்ஸில் நாங்கள் அப்படித்தான் ஏறியிருக்கிறோம். இறங்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ரயில் வந்ததும் நானும் மகளும் எதிரே இருந்த கதவில் ஏறினோம். அவர் பழக்க தோஷத்தில் விறுவிறுவென்று பின்னால் இருந்த கதவுக்குப் போனார். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார். கதவு மூடிக்கொண்டது.

கண்டக்டர் இருந்தால் "ஆள் வருதுங்க" என்று கத்தியிருப்பேன். இங்கே யாரிடம் கத்துவது? அவர் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். நம்மூரில் பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் டிரைவர் நிறுத்திவிடுவார். இந்த வண்டி பாட்டுக்கு நகர்ந்தது. சீருடைக்காரர் ஒருவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்ததுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினோம். மகள் போனை எடுத்துப் பார்த்தாள். அவர் இல்லாமல் அதில் ஒன்றும் வேலை செய்யவில்லை. முகம் பார்க்கத்தான் ஆகும்.

"எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பிப் போயரலாங்கம்மா."

"வேண்டாஞ்சாமி. இங்கயே நிக்கலாம். அப்பா வந்துருவாரு."

நான் சும்மா சொல்லவில்லை. போர் போடப் போகும்போது துளை போடுகிற ரிக் வண்டியும் குழாய் ஏற்றிய லாரியும் சேர்ந்துதான் கிளம்பும். வழியில் பிரிந்துவிட்டால் முன்னால் போன வண்டி நிற்க வேண்டும், பின்னால் இருப்பது வந்து சேரும். "ரெண்டும் நவுந்தா சேராதுடா" என்று அவர் போனில் டிரைவர்களைத் திட்டுவதை, சோறு போட்டுக்கொண்டே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்போது முன்னால் வந்தது நாங்கள். நாங்கள்தான் நிற்க வேண்டும்.

ஒரு வண்டி வந்தது. இறங்கிய முகங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். அவர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற மனுஷனுக்குத் தன் சட்டம் மறந்துபோச்சா என்று பல்லைக் கடித்தேன். பிறகு கோபமும் போய்விட்டது. கண்ணாடியைத் தட்டியதற்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், எங்கேயாவது மயங்கிக் கிடக்கிறாரா? பாஸ்போர்ட்டும் இல்லாமல், பாஷையும் தெரியாமல், வயசுப் பெண்ணோடு நான் யாரிடம் போய் நிற்பேன்? எங்கள் மலைமேல் இருக்கிற சாமியை வாய்விட்டே கூப்பிட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் விம்மிக்கொண்டே சொன்னாள். "அப்பா வர மாட்டாருங்கம்மா. அவருக்கு எந்த வண்டின்னு தெரியாது. தெனமும் என்ற பொறகாலயேதான வந்தாரு?"

அவர் படித்தது ஐந்தாவது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், இங்கிலீஷ் சுத்தமாக வராது. வடக்கே போகும்போது முக்குக்கு முக்கு வண்டியை ஓரங்கட்டி, உடைந்த இந்தியில் கேட்டுக் கேட்டுத்தான் போவார். இங்கே எங்களுக்குப் பின்னால் அவர் நடந்து வந்ததை, காவலுக்கு வருகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சட்டமாவது மண்ணாவது என்று எதிர்ப்பக்க வண்டியில் ஏறினோம். ஏறிய பிறகு இன்னொரு பயம். இந்நேரம் அவர் கிளம்பி எதிரே வந்துகொண்டிருந்தால்? இனி எங்கே போய்த் தேடுவது? மகள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

நாங்கள் முதலில் ஏறிய அந்த ஸ்டேஷனில் நடுவே ஒரே நடைமேடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வண்டி வரும்; கொஞ்சம் திரும்பி நின்றால் எந்தப் பக்கம் எது என்று குழம்பிவிடும். நாங்கள் இறங்கியபோது மறுபக்கம் ஒரு வண்டி கதவு திறந்து நின்றது. அதன் முன்னால் அவர் நின்றிருந்தார். எங்களிடம் வந்து சேர வேண்டிய வண்டி அதுதான். ஒரு காலைத் தூக்கினார், உள்ளே வைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காலைக் கீழே வைத்தார். கதவு மூடியது.

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். "ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டேன்.

திரும்பியவர் முகம் வெளுத்துக் கிடந்தது. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ அங்க நிப்பேன்னு தெரியும் புள்ள," என்றார். "எதுல ஏறுனா உன்ற கிட்ட வரும்னுதான் தெரியல."