பக்கத்துக் கட்டிலின் மொழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் குளிரில், லண்டனில் ஒரு மருத்துவமனையின் நாலாம் மாடியில் நடந்தது இது. தலையில் அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த மாடிக்குக் கொண்டுவந்து, திரும்ப நடக்கவும் பேசவும் பழக்குவார்கள். என் மகன் அங்கே கிடந்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு வான் வண்டி அடித்துவிட்டது. தலைக்கவசம் போட்டிருந்தான். அதனால்தான் அவன் இருக்கிறான், இதை எழுத நானும் இருக்கிறேன்.

கண் விழிக்கவே பல நாள் எடுத்தது. விழித்த பிறகு ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலம். 'வாட்டர்', 'கோல்ட்', 'நோ'. தாதி ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் தலையை அசைப்பான். நாங்கள் தமிழில் பேசினால் ஜன்னலைப் பார்ப்பான். வெளியே போகிற வாகனங்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பவனைப் போல இருக்கும் அந்த முகம்.

லண்டனில் பல தமிழ் வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். "தமிழில சொல்லடா" என்று நான் அதட்டுவேன். "பிள்ளை சாப்பிட்டாச் சரி. எந்தப் பாஷையில சாப்பிட்டால் என்ன?" என்று மனைவி இன்னொரு கரண்டி சோறு போடுவாள். பதில்தான் ஆங்கிலத்தில் வரும். கேள்வி அவனுக்கு முழுவதும் விளங்கும் என்பதை நாங்கள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது அந்த விளக்கமே போய்விட்டதோ என்று பயந்தோம்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் பொறுமையாகத்தான் சொன்னார். மூளை தன் பாட்டில், தன் ஒழுங்கில்தான் திரும்பி வரும். நீங்கள் இரண்டு மொழியிலும் பேசுங்கள் என்றார். எங்களுக்கோ, வந்திருக்கிற ஆங்கிலமும் குழம்பிவிடுமோ என்று பயம். நானும் மனைவியும் கதைத்து, கட்டிலருகில் ஆங்கிலம் மட்டும் என்று முடிவெடுத்தோம். அன்றைக்கு அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஹவ் ஆர் யூ டுடே?" என்று கேட்டாள். வங்கியில் ஒருவரை ஒருவர் விசாரிப்பது மாதிரி இருந்தது. அறைக்கு வெளியே வந்ததும் நடைபாதையிலேயே நின்று அழுதாள்.

"எனக்கு இங்கிலிசில கொஞ்சத் தெரியாதப்பா," என்றாள்.

காலையில் அவள் போவாள். நான் நகரசபைக் கவுன்சில் வேலை முடிந்து மாலையில் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானமே போய்விடுவேன். அப்படிப் போகும்போதுதான் பக்கத்துக் கட்டிலில் பேசப்படுவது என்ன மொழி என்று கவனிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கட்டிலில் எழுபது தாண்டிய ஒருவர் பக்கவாதத்தில் பேச்சில்லாமல் கிடந்தார். அவருடைய தங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசத் தொடங்குவார். பிரெஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் பிரெஞ்சு இல்லை. பாரிஸில் இருக்கும் என் அண்ணை வீட்டில் பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறேன். அது வழுக்கிக்கொண்டு போகும். இது கல்லும் மண்ணுமாக வந்தது. தாதிகள் சிலர் அதை வேல்ஸ் மொழி என்று நினைத்தார்களாம்.

கேட்டதும் அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். அவர்கள் கேர்ன்சி தீவைச் சேர்ந்தவர்கள். பிரான்சின் கரைக்குக் கிட்ட, கடலுக்குள், ஆனால் ஆங்கில அரசரின் பக்கம் இருக்கிற ஒரு சின்னத் தீவு. பிரான்சில் எப்போதோ பேசிய பழைய பேச்சு ஒன்று அங்கே ஒதுங்கி, கடலைச் சுற்றிலும் வேலியாக வைத்துக்கொண்டு, தன் போக்கில் வளர்ந்திருக்கிறது. பாரிஸ்காரர்கள் 'வாஷ்' என்று சொல்கிற பசுமாட்டை இவர்கள் 'வாக்' என்பார்களாம். பிரான்சில் பிறந்த ஒரு இளம் டாக்டரை, உதவியாக இருக்கும் என்று, அண்ணனிடம் கூட்டிவந்தார்களாம். அவர் பேசப் பேச அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வரி வசூலிக்க வந்தவர் என்று நினைத்திருப்பான்" என்று சிரித்தார் அந்த அம்மா.

பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால், அது கெட்டுப்போன பிரெஞ்சு என்பார்களாம். நான் சென்னையில் இருந்த காலத்தில், வீட்டுக்காரர் என்னுடைய யாழ்ப்பாணத் தமிழை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளமா?" என்று கேட்டதைச் சொன்னேன். அதற்கு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தார்.

அண்ணனும் தங்கையும் இளம் வயதில் லண்டனுக்கு வேலைக்கு வந்தவர்கள். இரண்டு பேரும் ஆங்கிலேயரைத்தான் கல்யாணம் செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. பிறகு எப்படி இவ்வளவு காலம் மறக்காமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வம்பு பேசத்தான்," என்றார். "கிறிஸ்மஸ் விருந்தில் என் புருஷனுடைய அக்காவுக்கு முன்னாலேயே அவளைப் பற்றிப் பேசலாம். அந்த வசதியை யார் விடுவார்?"

ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்களாம். பாதி சண்டை, பாதி ஊர்க்கதை. இந்தப் பெரிய நகரத்தில் அந்த மொழியில் அவருக்கு வேறு ஆள் இல்லை. அவருடைய கணவர் போய்விட்டார். அண்ணனின் மனைவியும் போய்விட்டார். இப்போது அண்ணனுக்குப் பேச்சு இல்லை. விளங்குகிறதா என்பதும் தெரியவில்லை. ஆனாலும் இவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். நாங்களோ, விளங்கக்கூடிய பிள்ளையிடம் பேசாமல் இருந்தோம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு நான் போனபோது மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நல்ல நித்திரை என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து அந்த அம்மா வந்தார். அண்ணனின் கட்டில் வெறுமையாக இருந்தது. பயந்துவிட்டார். ஸ்கான் எடுக்கக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஊரிலிருந்து ஒரு கதை வந்திருக்கிறதாம். யாரோ அயல்வீட்டுக்காரரைப் பற்றி. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் சொன்னால் அது ஒரு கதையே இல்லையாம். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார். உங்களிடம் சொல்லட்டுமா? விளங்க வேண்டாம். நான் நிறுத்துகிற இடத்தில் தலையை ஆட்டினால் போதும். நன்றாக இருந்தபோது அவன் அப்படித்தான் ஆட்டுவான்.

சரி என்றேன். சொன்னார். கை இரண்டும் ஆடின. யாரோ கதவைத் தட்டுவதுபோல் நாற்காலியில் தட்டினார். குரலை மாற்றி ஒரு கிழவனைப் போலப் பேசினார். நிறுத்திய இடங்களில் நான் தலையை ஆட்டினேன். முடிவில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"இப்போது நீங்கள் சொல்லுங்கள்," என்றார். "உங்கள் மொழியில். நான் தலையாட்டுகிறேன்."

முதலில் வெட்கமாக இருந்தது. சென்ட்ரல் லைனில் இன்றைக்கும் ரயில் இல்லை, சுற்றி வந்தேன் என்று சொன்னேன். தலையாட்டினார். மனைவி இரண்டு வாரமாக ஒழுங்காகச் சமைக்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் என்ன இருந்ததோ தெரியாது. வீட்டில் மனைவிக்கு முன்னால் நான் தைரியசாலி. டாக்டர்களுக்கு முன்னால் கேள்வி கேட்கிற தகப்பன். சொந்தக்காரர்கள் எடுத்தால், "ஓம், முன்னேற்றம் இருக்கு" என்று சொல்கிற ஆள். யாரிடமும் சொல்லாத ஒன்று, ஆள் இல்லாத இடத்தில் விழுவதுபோல், வாயிலிருந்து விழுந்தது.

"இவன் இப்பிடியே இருந்தால், எங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது? அண்டைக்கு ரோட்டிலயே போயிருந்தால் நல்லம் எண்டு சில நேரம் நினைக்கிறன்."

சொல்லி நிறுத்தினேன். அந்த அம்மா, சொன்ன வாக்குப்படி, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"டோன்ட் சே தட், அப்பா."

கட்டிலிலிருந்து வந்தது. சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னான். குரல் கரகரத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. நான் எழுந்து மற்றப் பக்கம் போனேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்ப்பதுபோல் இல்லை. என்னைத்தான் பார்த்தான்.

இந்த ஊரில் பஸ்ஸிலும் ரயிலிலும் எவ்வளவு தமிழ் பேசியிருக்கிறோம், யாருக்கும் விளங்காது என்ற துணிச்சலில். பின் சீட்டில் இருந்தவர் இறங்கும்போது, "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போக, பேசியவர்கள் அவமானப்பட்ட கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு அது இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தகப்பன் தன் மொழியில் பேசினான், மகன் பதில் சொன்னான். என் கையை இறுக்கிப் பிடித்தார். "அவனுக்குப் புரிந்துவிட்டது! கேட்டீர்களா, அவனுக்குப் புரிந்துவிட்டது!" என்று தாதியைக் கூப்பிட ஓடினார், அந்த வயதில். தாதி வந்தார். இன்னொருவரும் வந்தார். இத்தனை நாளில் அவன் ஒரு முழு வசனம் சொன்னதே அதுதான் முதல் தடவை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. என்ன சொன்னதற்கு அப்படிப் பதில் சொன்னான், பேச்சுப் பயிற்சிக்கு உதவும் என்று தாதி கேட்டார்.

"ஒரு பகிடி," என்றேன்.

மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தமிழ் விளங்கினதே? உண்மையாவே? நீங்கள் என்ன கேட்டனீங்கள் அவனை?" என்று படபடத்தாள்.

"சும்மா என்னவோ கதைச்சுக்கொண்டிருந்தனான்."

அன்று மாலையே ஓடி வந்தாள். அவனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவி, "என்ர குஞ்செல்லே, என்ர ராசாவெல்லே" என்று இருபது வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரம் கொஞ்சினாள். அவன் "ஸ்டாப் இட், அம்மா" என்றான். அதற்கும் அழுதாள், சிரித்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அந்த மாடியில் அன்றைக்குச் சந்தோஷப்பட முடியாதவன் நான் ஒருவன்தான். சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அவனுக்குத் தமிழ் திரும்பிவிட்டது. அவன் காதில் திரும்பி விழுந்த முதல் தமிழ் என்னுடைய அந்த வசனம்.

சில வாரங்களில் அந்த அம்மாவின் அண்ணனை நோர்பரிப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். போகிற நாளில் என்னிடம் விடைபெற வந்தார். எனக்கு மறைக்க முடியவில்லை. நடைபாதையில் வைத்து, அன்று நான் சொன்னது என்ன என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"அதற்கா நான் தலையாட்டினேன்?" என்றார்.

இரண்டு பேரும் சுவரோரம் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பக்கவாதம் வருவதற்கு முதல் நாள் அண்ணன் தொலைபேசியில் கடைசியாகச் சொன்னது, நீ தாமதமாக எடுக்கிறாய் என்ற முறைப்பாடுதானாம். அதற்குப் பிறகு அந்த மொழியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "உங்கள் மகன் உங்களைத் தடுத்தான். நான் பேசுவதைக் கேட்டு என்னையும் யாராவது அப்படி ஒரு சொல் சொல்லித் தடுக்க மாட்டார்களா என்று இருக்கிறது" என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அண்ணனின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் போனார். லிஃப்ட் கதவு மூடும்வரை அந்தக் கல்லும் மண்ணுமான பேச்சு கேட்டது. அவர் மட்டும்தான் பேசினார்.

மகன் இப்போது வீட்டில் இருக்கிறான். நடை கொஞ்சம் இழுக்கும். படிப்பை மெதுவாகத் தொடர்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. அந்த வாரங்கள் அவனுடைய நினைவில் இல்லாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இல்லாமல் போயிருக்கலாம். சில வேளை நான் தேநீர் கொடுக்கும்போது என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அது என்னுடைய மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

ஏன் அப்பா அப்படிச் சொன்னீர்கள் என்று அவன் ஒருநாள் கேட்க வேண்டும் என்று ஏங்குகிறேன். கேட்கிற நாளை நினைத்தால் நடுங்குகிறேன். அதுவரை, அந்த ஒரு வசனம் அவனுக்குள் தனியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக, மழை வருகிறது, மீன் நல்லதாகக் கிடைத்தது என்று, அவன் காதில் விழும்படி தமிழில் நான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.