சாவதற்கு முன்பே விழுந்த பூட்டு

போன ஐப்பசி மழையில் என் மகளுக்கு நிமோனியா வந்து, அரூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வெந்நீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு பெண் பழக்கமானாள். அவள் கணவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியும் அவள் கிளம்பவில்லை.

“எங்கக்கா போறது? வூட்டுக்காரம்மா வேற பூட்டுப் போட்டுட்டாங்க” என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் போனிலேயே அந்த வீட்டுக்கார அம்மாவிடம் பேசினேன்.

“நல்ல சனங்கதாங்க, வாடகையெல்லாம் சரியாத்தான் குடுத்தாங்க. அடைப்புல உசுரு போச்சுன்னா மாசக்கணக்கா வூட்டப் பூட்டிப் போடணுமுங்க. அப்புறம் எவன் குடி வருவான்? அவ்ளோ பாவமா இருந்தா உங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்!”

ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அதற்கு அடைப்பு என்று பெயர். சரி, மனிதர் இன்னும் சாகவே இல்லையே! மூச்சு விட்டுக்கொண்டிருப்பவருக்கு நட்சத்திரம் பார்த்துப் பூட்டுப் போடுவது என்ன நியாயம்? கூட்டிப்போக நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். வீட்டுக்காரர் கீழ் வீட்டில்.

மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் எழுதிவிட, எதிரே இருந்த பஸ் நிழற்குடையில், மழைக்குச் சாக்கைக் கட்டி அந்தப் பெண் கணவரைப் படுக்கவைத்தாள். அங்கேயே உயிர் போனது. அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“பாப்பாவுக்கு எப்படிங்க இருக்குது? டாக்டரு ஒண்ணும் மோசமாச் சொல்லலீங்களே?”

வேறு நாளாக இருந்தால் அக்கறை என்றுதான் நினைத்திருப்பேன். அன்று அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வந்தது. “நல்லாயிடுச்சுங்க, சீக்கிரம் வந்துருவோம்” என்றேன். மகளுக்கு அப்போது ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பிழைத்து வந்துவிட்டாள். எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் வீடில்லாமல் தெருவில் கிடக்கிறார்கள் என்று டிவியில் பேசும்போது வறுமை, வேலையின்மை, வாடகை உயர்வு என்று காரணம் சொல்கிறார்கள். வேலையும் இருந்து, வாடகையும் கொடுத்து, நோயாளி ஆனதற்காகத் தெருவுக்கு வந்தவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இப்போதும் மகள் லேசாக இருமினால், மருந்தை எடுப்பதற்கு முன் ஜன்னலைச் சாத்த ஓடுகிறேன். பெற்ற பிள்ளையின் இருமலை ஒளிக்க வைத்த இந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.