காப்பகம் கைமாறிய விதம்

அமலி அக்காவிடமிருந்து அந்தக் காப்பகத்தைப் பறித்தவன் நான்தான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பறித்தேன்.

என்னைத் தெரிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். "ஏழுமலையா? வாயில வெரல வெச்சாக்கூட கடிக்கத் தெரியாதே அந்தாளுக்கு!" என்பார்கள். நீங்களாவது நம்புங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சமையல்காரன். கூச்சம் பிடித்தவன். மளிகைக் கடையில் மற்றவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகுதான் எனக்கு வாய் திறக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அன்று நான் பேசாமல் நின்றதற்குக் கூச்சம் காரணமல்ல… அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடற்றோர் காப்பகம் இருக்கிறது. தெருவில் படுத்துக் கிடக்கும் ஆண்களுக்கு அங்கே இடமும் சோறும் உண்டு. கட்டடமும் மானியமும் அரசுடையவை. நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் மறுபடி விண்ணப்பம் கேட்பார்கள். நிறுவனங்கள் போட்டி போடும். அதிகாரிகள் வந்து, அங்கே இருப்பவர்களையும் வேலை செய்பவர்களையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். பிறகு யாருக்காவது ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

அப்போது அதை நடத்தியவர் அமலி அக்கா. மிகச் சிறிய நிறுவனம். புண்ணில் ஈ மொய்க்க வந்து சேருகிறவனைத் தானே குளிப்பாட்டுவார். எழுந்து நடமாட முடியாதவர்களைக் காப்பகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அக்கா வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் காசி.

காசி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்தார். வாய் மட்டும் ஓயாது. நான் தட்டோடு போனால், "இன்னா மாஸ்டரு, சாம்பார்ல பருப்பு போட்டியா, இல்ல தூரத்துலேந்து காட்டிட்டு எட்த்துகினு போய்ட்டியா?" என்பார். அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்னைச் சிரிக்க வைத்தவர்கள் மிகக் குறைவு.

ஒப்பந்தம் முடியும் நேரத்தில் தினகரன் என்னைத் தேடி வந்தான். போட்டிக்கு வந்த பெரிய நிறுவனத்தின் ஆள். டீக்கடைக்கு அழைத்துப் போய் பன் வாங்கிக் கொடுத்தான்.

"மாமு, உன் வூட்டுக்காரம்மா இன்னும் காசிமேட்டுல எறா தான் உரிச்சிகினு கீதா?"

தலையாட்டினேன். ஐஸில் கிடக்கும் இறாலை உரித்து உரித்து என் மனைவி செல்வியின் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. குழம்பைச் சோற்றில் பிசையும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

"காப்பகம் நம்ம கைக்கு வந்துச்சுன்னா அதுக்கு இங்கயே வேல. பெருக்கறது, தொடைக்கறது. ஐஸும் கெடையாது, ஒரு பேஜாரும் கெடையாது. உன் வேலயும் அப்டியே கீது."

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத, அதான் வேல! அதிகாரி வந்து அக்காவப் பத்தி கேப்பாங்க. பொய் சொல்லுன்னு நான் சொல்லல நைனா. நீ பேசாத ஆளு தானே? பேசாத. அவ்ளோ தான்."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. பொய் சொன்னால்தானே பாவம்? பேசாமல் இருப்பதில் என்ன பாவம்? இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்…

அதிகாரி ஒரு பெண். சமையற்கட்டுக்கு வந்ததும் அக்காவை வெளியே நிற்கச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே வாசலுக்கு அப்பால் போய் நின்றார். என்மேல் அத்தனை நம்பிக்கை அவருக்கு!

"பயப்படாம சொல்லுங்கண்ணே. எல்லாருக்கும் ஒழுங்கா சாப்பாடு போகுதா? யாரையாவது அடிக்கிறது, மெரட்டறது உண்டா?"

'அக்கா தங்கம் மேடம்.' இவ்வளவு சொன்னால் போதும். எனக்குக்கூட அது முடிகிற காரியம்தான்.

நான் பேசவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது… வாசலில் நின்ற அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டேன். கரண்டி பிடித்த கையை நடுங்கவிட்டேன்.

அந்தப் பார்வையைத் தினகரன் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு!

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "சரி, வேணாம். புரிஞ்சுது" என்றார். என்ன புரிந்தது அவருக்கு? நான் புரிய வைத்ததுதான்.

காப்பகம் கைமாறியது. சாவியைக் கொடுக்க வந்த அன்று அக்கா சமையற்கட்டுக்கு வந்தார். "நீ ஒரு வார்த்த நல்லதா சொல்லலியேன்னு நம்ம ஆளுங்க கோச்சிக்கிறாங்க. வுடு ஏழுமலை. நாலு பேரு முன்னால உனக்கு நாக்கு எழாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

என்னை மன்னித்தார்! ஆனால் எதற்காக? நான் செய்யாத ஒன்றுக்காக. செய்ததைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அக்காவின் காகிதங்கள் சரியில்லை, எப்படியும் தோற்றிருப்பார் என்று பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தினகரன் அதையும் விட்டுவைக்கவில்லை. "வேலக்காரங்களே பயந்துகினு கீறாங்கன்னு அந்த அதிகாரியம்மா மேலிடத்துல சொல்லிச்சாம். இன்னா நடிப்பு மாமு நீ!" என்று முதுகில் தட்டினான்.

புதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள். செல்விக்குச் சொன்னபடி வேலை கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கு விதி விதிதான். படுக்கையில் கிடப்பவர்கள் போயாக வேண்டும்.

காசியை மாதவரத்துக்கு அப்பால் ஓர் இல்லத்துக்கு அனுப்ப வண்டி வந்தது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன யாரும் இங்கேந்து அசைக்க மாட்டாங்கன்னு அமலி சொல்லிட்டுப் போச்சு. நான் வர்ல!"

"பெருசு, அமலி மேடம் தான் இத்த ஏற்பாடு பண்ணிச்சு. நீ போனா அதுக்கு நிம்மதியாம்" என்றான் தினகரன்.

கட்டில் கம்பியில் காசியின் பிடி தளர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமா மாஸ்டரு?"

பொய்யென்று எனக்குத் தெரியும். நான் அவர் துண்டை எடுத்து மடித்து அவர் தோளில் போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

"அப்போ நாந்தான் பாரமா பூட்டேன் அதுக்கு" என்றார். வண்டியில் ஏற்றும்போது ஒரு கிண்டலாவது செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

இப்போது ஒப்பந்தம் மறுபடி முடியப்போகிறது. இந்த முறை நான் நன்றாகப் பேச வேண்டுமாம். என்ன சொல்ல வேண்டும் என்று தினகரன் தினமும் சொல்லிக் கொடுக்கிறான். சரி சரி என்கிறேன். உறக்கம் வருவதில்லை.

போன வாரம் வண்ணாரப்பேட்டையில், துணிக்கடை நெரிசலில், அக்கா எதிரே வந்தார். ஒதுங்க இடமில்லை. பழையவர்கள் வருவதைப் புதியவர்கள் விரும்பாததால் அவர் காப்பகத்தின் பக்கமே வருவதில்லை. முதல் கேள்வியே இதுதான்: "காசி எப்டி கீறாரு? இன்னும் உன் சாம்பார திட்டிகினு கீறாரா?"

"மாதவரத்துக்கு அனுப்பிட்டாங்கக்கா. அப்பவே."

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் அவருக்கு வாக்கு குடுத்துட்டு வந்தேன் ஏழுமலை… எடம் தெரியுமா உனக்கு? ஞாயித்துக்கெழம நான் போன் பண்றேன், இட்டுகினு போ."

"சரிக்கா" என்று இல்லத்தின் பெயரைச் சொன்னேன். காசி அங்கே இருக்கிறாரா, உயிரோடாவது இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அக்காவின் பெயர் திரையில் தெரிந்தது. மறுபடி அடித்தது. "யாருய்யா, எடுக்க மாட்டியா?" என்றாள் செல்வி.

"யாரோ" என்றேன்.

அதன் பிறகு அக்கா அழைக்கவில்லை. தனியாகப் போனாரா? காசியைப் பார்த்தாரா? 'என்னிய அனுப்பிட்டு இப்ப இன்னாத்துக்கு வந்த?' என்று அவர் கேட்டிருப்பாரா? அதற்கு அக்கா என்ன சொல்லியிருப்பார்… இல்லை, கேட்பதற்குக் காசியே இல்லையா?

ஒரு முறை அழைத்தால் தெரிந்துவிடும். இன்னும் நான் அழைக்கவில்லை.