வர்ஷா கழுத்தில் செல்வியக்கா சங்கிலி

போன மாதம் ஒரு காலை. என் மகள் வர்ஷாவின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. பல்வலி என்று நானே முடிவு செய்து கிராம்பு வைத்தேன். மறுநாள் அடுத்த கன்னமும்!

கீழ்வீட்டு செல்வியக்கா, ஹனூர் என்ற ஊர்க்காரர், பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

“பொன்னுக்கு வீங்கி, கண்ணு. தங்கம் போட்டா வத்திரும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் சங்கிலியைக் கழற்றி வர்ஷாவுக்குப் போட்டுவிட்டார். அவரிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மகன் பிரபுவுக்கு நிச்சயதார்த்தம் வேறு!

பிரபு ஒரு மாத ட்ரெயினிங் முடிந்து அன்றுதான் ஊர் திரும்பியிருந்தான். வர்ஷாவைத் தோளில் தூக்கிச் சுற்றுபவன். சங்கிலி போட்ட பிள்ளையை அவனுக்குக் காட்டாமல் இருப்பதா? கூட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

எதிரே, டியூட்டி முடிந்து மாடி வீட்டு ஸ்டெல்லா. நர்ஸ்.

“எங்க, கீழயா? பேடா, பேடா... வேண்டாம், மேல ஏறுங்க!”

வர்ஷாவின் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். புளிப்பு சாப்பிட்டால் வலிக்கிறதா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். என்னை ஓரமாக அழைத்தார்.

“பிரபுவுக்கு இது முன்னாடி வந்திருக்கா? இல்லேன்னா ஒட்டிக்கும். பெரிய ஆம்பளைங்களுக்கு விதைப்பையும் வீங்கலாம்... மாப்பிள்ளைக்கு இது தேவையா அக்கா?”

வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

டாக்டரும் உறுதி செய்தார். எச்சில், இருமல், தும்மல் — பரவ இது போதும். வீக்கம் தெரியும் முன்பே பரவும். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் தனி அறை, தனி டம்ளர். இதைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு — எம்.எம்.ஆர். நாங்கள் போட்டது எம்.ஆர்.; அதில் இது இல்லை. எம்.எம்.ஆரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட புத்திசாலி யார்? நானேதான்.

சங்கிலியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனியாகக் கீழே போய் நீட்டினேன். செல்வியக்கா வாங்கவே இல்லை.

“வீக்கம் வத்தாம கழட்டக் கூடாது கண்ணு.”

“சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க அக்கா?”

“நெனச்சா நெனைக்கட்டும். புள்ள மொதல்ல தேறட்டும்.”

ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பிரபு பளிச்சென்று சிரிக்கிறான். பக்கத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு செல்வியக்கா. அழுதுவிட்டேன்.

வர்ஷா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். பிரபுவுக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவுக்கு நன்றி சொல்லி மாளாது.

வைரஸுக்குத் தங்கம் ஒரு பொருட்டே இல்லை என்பதைச் செல்வியக்காவிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை... சொல்லவும் மாட்டேன்!