கல் நண்டு தேடிப் போன கரை

“…எட்டுக் காலும் கைக்குத் தட்டுப்படுது. ஒரு கொடுக்கு ஒடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நீ பார்த்துச் சொல்லு, நண்டுதானே?” என்று அண்ணன் ஒரு கல்லை நீட்டினார். அண்ணியின் முகத்துக்கு நேரே என்று நினைத்துத்தான் நீட்டினார். கை, அண்ணியின் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றது.

அவர் என்னோடு பிறந்தவர் இல்லை. பினாங்கில் ஒரு தமிழ் அச்சகத்தில் இருவரும் எழுத்துக் கோத்தோம். மூத்தவர், அதனால் அண்ணே. அவர் மனைவி அண்ணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. வெகுகாலம் எங்களில் யாருக்கும் தெரியாது. எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து கிடக்கிறது என்று கைக்குத் தெரியும்போது கண்ணை யார் கேட்டார்கள்? பிறகு முதலாளி புதுப் பெட்டி வாங்கிப் போட்டார். அதில் அறைகளின் வரிசை வேறு. அண்ணனின் கை பழைய இடத்துக்கே போய் எடுத்து வந்தது. ஒரு கருமாதி அழைப்பில் செத்தவர் பெயரே உருத்தெரியாமல் அச்சாகிவிட்டது.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்” என்றார் முதலாளி. அதற்கு என்ன பொருள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் விலை விழுந்து, வேலை போனவர்களை ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

நரம்பு செத்துவிட்டது, கத்தி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்தார். சீன மருந்துக் கடைக்காரரோ, கல்லாய் இறுகிப்போன நண்டு ஒன்று உண்டு, அதை இழைத்துக் கண்ணில் விட்டால் பார்வை திரும்பும் என்றார். ஆனால் சரக்கு வருவது நின்றுவிட்டதாம். அப்புறம் பசார்ச் சந்தையில் மீன் விற்கும் மலாய்க்காரர் ஒருவர், தெலுக் பஹாங் ஊரைத் தாண்டி, கலங்கரை விளக்கு நிற்கும் மலைக்குக் கீழே அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். முங்கிப் போகிறவனுக்கு வைக்கோலும் தோணி.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்த ஊர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கரையோரப் பாதையில் நடந்தோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். மரவேர்கள்தாம் படிகள். துறைமுகத்தில் மூட்டைகள் சரிந்து கிடப்பதுபோல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அண்ணன் வேர் தடுக்கித் தடுமாறினார். நான் பிடிக்கப் போனேன்.

“கையை விடு தம்பி. நான் என்ன கல்யாணப் பொண்ணா?”

“கல்லு கண்ணு குடுக்கும்னா, இந்த மலைதான் மொதல்ல பார்த்திருக்கும்” என்றார் பின்னால் வந்த அண்ணி. “நாம வர்றது தெரிஞ்சு ஓடியே போயிருக்கும்.”

“உன் வாய்க்கும் மருந்து கேட்டேன். அதுக்குக் கல்லு பத்தாதாம், மலையே வேணுமாம்.”

வழியில் ஒரு பாறைக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அந்த இடத்துக் காவல் தெய்வம், டத்தோ. எந்தச் சாதிக்காரனும் அனுமதி கேட்டுத்தான் அங்கே கால் வைப்பான். அண்ணி வெற்றிலையை வைத்துக் கைகூப்பினார்.

“டத்தோ, கொஞ்சம் வழி விடுங்க. கண்ணு தெரியாதவரு வர்றாரு.”

அதுவரை அதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் நின்றார்.

“யாரு, தம்பியா?” என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.

மலையடியில் வெள்ளை மணலும் வளைந்த கரையுமாக இருந்தது. அழகான இடம்தான், பொய் சொல்லக் கூடாது. அண்ணன் மண்டி போட்டு, கொட்டிப் போன எழுத்துகளைப் பிரிப்பதுபோல் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். பாறையில் இடித்து முழங்கால் கசிந்தது. வெயில் சாய்ந்தது. கடல் ஏற ஆரம்பித்தது. திரும்பும் பாதையில் தாழ்ந்த இடமெல்லாம் முங்கிவிடும். “போதும், வாங்க” என்று அண்ணி கூப்பிட்டுப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம்” என்றார் அண்ணன். அப்போதுதான் அந்தக் கல் அகப்பட்டது.

உயிர்கள் கல்லாவது சேற்றில் புதைந்துதான் என்றும், அந்தக் கரையோ நெருப்பில் பிறந்த பாறை என்றும் பின்னாளில் எங்கோ படித்தேன். ஆயுசு முழுக்கத் தேடியிருந்தாலும் அங்கே நண்டு கிடைத்திருக்காது. அன்று அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையில் இருந்தது தெரிந்தது: சிப்பி ஒட்டி உடைந்த சாதாரணக் கருங்கல். அந்த உடைசல்களைத்தான் அவர் விரல் கால்கள் என்று எண்ணியிருந்தது.

அண்ணி கல்லைப் பார்த்தார். எதையும் நேராக ஒப்புக்கொள்கிற மனுஷி இல்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால், “அது அதுக்கே தெரியும்” என்பார்.

“நண்டுதாங்க” என்றார். “நல்ல நண்டு.”

அண்ணனின் முகம் மலர்ந்தது. தலையைச் சாய்த்து, இனி வரவேண்டிய குத்தலுக்காகக் காத்திருந்தார். அலைச் சத்தம்தான் வந்தது. இன்னும் சற்று நேரம் காத்திருந்தார். மலர்ந்த முகம் மெல்ல அடங்கியது.

கல்லை விரல்களில் ஒருமுறை புரட்டினார். தேய்ந்த எழுத்தை ஒதுக்கிப் போடுவதுபோல் காலடியில் போட்டார்.

“தண்ணி ஏறுதா?”

“ஏறுதுங்க” என்றார் அண்ணி.

எங்களில் யார் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல், பொதுவாகக் கையை நீட்டினார்.