வெளிக்கிடுங்கோ என்றார் அன்ரி

ஒரு செமஸ்டர் படிக்க மதுரையிலிருந்து வந்த என்னை, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் தங்கவைத்திருக்கிறது. இரு தரப்புக்கும் தமிழ், அதனால் மொழிப் பிரச்சினை வராது என்று கல்லூரியில் உறுதியளித்தார்கள்.

நேற்று பால் காய்ச்சப் போய் வீட்டுக்கார அன்ரியின் புதுச் சட்டியைக் கருக்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் கதவைத் தட்டினார். "தம்பி, கெதியா வெளிக்கிடுங்கோ! அங்கிள் காருக்குள்ள இருக்கிறார்."

வீட்டை விட்டு வெளியேறச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"என்ன தம்பி, கோயிலுக்குப் பெட்டியோடயோ வாறீர்?" என்றார் அங்கிள்.

வெளிக்கிடு என்றால் புறப்படத் தயாராகு என்று அர்த்தமாம்.

அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு சட்டிக்காக ஆரும் பிள்ளையைத் துரத்துவினமே?"

காரில் ஏறியதும் நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன். "சாயங்காலம் உங்ககிட்ட நிறைய பேசணும் ஆன்ட்டி."

அன்ரியின் சிரிப்பு நின்றது.

அங்கிள் காரை ஓரங்கட்டினார். "பேசுற அளவுக்கு அவ என்ன பிழை விட்டவ?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது.

விசாவுக்காக ஆங்கிலத் தேர்வெழுதித் தேறியவன் நான். சிட்னியில் தமிழுக்கு நல்ல டியூஷன் எங்கே கிடைக்கும்?