நீங்க போட்ட கவுன்

நாத்தனார் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நானே குரோஷா கவுன் போடுவதாகச் சவடால் அடித்திருந்தேன். அதற்குமுன் ஊசியைத் தொட்டதுகூட இல்லை. வரிசைக்கு ஒரு கண்ணியைக் கோட்டை விட்டதில், விரிய வேண்டிய கவுன் சுருங்கி முக்கோணமாக நின்றது.

திருவண்ணாமலையில் எங்கள் எதிர்வீட்டு ஷமீம் என் வயதுக்காரி. எங்களுக்குள் வாடி, போடிதான்.

"என்னாடி இது, கவுனா சமோசாவா?" என்று சிரித்தவள், மொத்தத்தையும் பிரித்து நாலே நாளில் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

பிறந்தநாளன்று வேங்கிக்காலில் நாத்தனார் வீட்டில், "யாரு போட்டது?" என்று அவள் வியந்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டிப் போயிருந்த ஷமீமும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"நானேதான் போட்டேன்" என்றேன்.

ஷமீம் என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஆமாங்க, அவங்கதான் போட்டாங்க" என்றாள்.

மறுவாரமே நாத்தனார் இன்னொரு கவுனுக்கு நூல் அனுப்பினாள். வெட்கமில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஷமீமிடம் போனேன். எப்போதும் அவளோடு பாயில் உட்காரும் எனக்கு, அன்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க, உக்காருங்க. நீங்கதான் நல்லா போடுறீங்களே."

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த மரியாதையைக் கண்டு, நூலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதன்பின் பத்து வருஷம் எதிரெதிரே குடியிருந்தோம். ஒருநாளும் அவள் என்னை 'வாடி' என்று கூப்பிடவில்லை.